சேலத்திலிருந்து ஒரு வார வெளிநாட்டுப் பயணம்: கைப்பையா, செக்-இன்னா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் வேலை என்னுடையது. சிங்கப்பூர் நான்கு நாள், மலேசியா ஒரு வாரம், துபாயில் தம்பி வீட்டில் ஐந்து நாள் என்று கிளம்புகிறவர்கள் டிக்கெட் விலைக்கு அடுத்தபடியாகக் கேட்பது லக்கேஜைப் பற்றித்தான். ஏழு கிலோ கைப்பையோடு (விமானத்துக்குள் நம்மோடு வரும் பை) போய்விடலாமா, இருபது கிலோ செக்-இன் (கவுண்டரில் கொடுத்து சரக்கு அறையில் போகும் பெட்டி) வாங்கலாமா என்று வீட்டிலேயே ஒரு விவாதம் நடந்து முடிந்திருக்கும். அப்படி வந்த கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். ஒரு வாரத்துக்கு உட்பட்ட பயணத்தை வைத்து எழுதியது. படிக்கப் போகிறவர்களுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் கணக்கு வேறு.

நான்கைந்து நாளுக்குக் கைப்பை மட்டும் போதுமா?

உங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துப் போனால் தாராளமாகப் போதும். நாள் கணக்கை வைத்து இதை முடிவு செய்ய வேண்டாம். நான்கு நாளுக்கும் ஏழு நாளுக்கும் துணியில் இரண்டு செட்தான் வித்தியாசம். பை எங்கே பெருக்கிறது என்றால், அடுத்தவர்களுக்காக எடுத்துப் போகும் பொருளில். அக்கா வீட்டுக்கு முறுக்கு, மாமாவுக்கு ஊறுகாய், நண்பன் கேட்ட காபித்தூள், பக்கத்து வீட்டுக்காரர் மகனுக்கு ஒரு பார்சல். டிக்கெட் போடும்போது நான் முதலில் கேட்பதும் இதைத்தான்: ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறீர்களா, உறவுக்காரர் வீட்டுக்கா? சுற்றிப் பார்க்க என்றால் கைப்பை. உறவுக்காரர் வீடு என்றால் செக்-இன் வாங்கிவிடுங்கள். ஆனால் உங்களுக்கான சாமான் அப்போதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

கைப்பைக்கு எல்லா விமானத்திலும் ஏழு கிலோதானா?

பெரும்பாலும் ஏழு. ஏர் ஏசியாவில் கைப்பை, தோள்பை இரண்டும் சேர்த்தே ஏழு கிலோ. இண்டிகோவில் ஏழு கிலோ பை ஒன்று, அதோடு மூன்று கிலோவுக்குள் ஒரு லேப்டாப் பையோ பெண்கள் கைப்பையோ. ஸ்கூட்டில் இரண்டும் சேர்த்துப் பத்து கிலோ. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எகானமியில் ஏழு கிலோவும் ஒரு சின்னப் பையும். பையின் அளவு ஏறக்குறைய 55 செ.மீ. உயரம், நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 செ.மீ. என்பது பலருடைய வரம்பு. இவை மாறக்கூடியவை. டிக்கெட் போடும் அன்று அந்த நிறுவனத்தின் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மலிவு விலை விமானங்களில் கவுண்டரிலேயே கைப்பையைத் தராசில் வைக்கச் சொல்வார்கள். "ஒரு கிலோதானே, விடுங்க சார்" என்பது அங்கே எடுபடாது.

ஏழு கிலோவுக்குள் அப்படி என்னதான் அடங்கும்?

வீட்டில் தராசு இருந்தால் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய இப்படி வரும்: பருத்திச் சட்டை ஒன்று 220 கிராம், நான்குக்கு 900 கிராம். ஒரு பேன்ட் 500. வேட்டி ஒன்று 350. உள்ளாடை, சாக்ஸ், இரவு உடை எல்லாம் அரை கிலோ. செருப்பு 400. பேஸ்ட், பிரஷ், எண்ணெய், ஷேவிங் சாமான் 400. சார்ஜர், கேபிள் 300. பவர் பேங்க் 400. மாத்திரை மருந்து 200. ஈரிழைத் துண்டு 200. கூட்டினால் நாலேகால் கிலோவைத் தொடாது. கனமான ஜீன்ஸையும் ஷூவையும் போட்டுக்கொண்டு ஏறுவதாகக் கணக்கு.

இனிமேல்தான் விஷயம். கடைவீதியில் பளபளவென்று அடுக்கி வைத்திருக்கும் 20 அங்குல கெட்டி டிராலி வெறும் பெட்டியாகவே இரண்டரை முதல் மூன்று கிலோ வரை இருக்கும். மேலே சொன்ன சாமானை அதில் வைத்தால் ஏழு கிலோ முடிந்துவிட்டது. லேப்டாப்புக்கு இடமில்லை, வரும்போது ஒரு சாக்லேட் பெட்டிகூட வைக்க முடியாது. அதே சாமானை ஒரு கிலோவுக்குள் இருக்கும் துணி முதுகுப்பையில் வைத்தால் ஐந்து கிலோதான். லேப்டாப்பும் சார்ஜரும் சேர்ந்தாலும் ஏழுக்குள் நிற்கும். அதனால் கைப்பையோடு போவதாக முடிவு செய்தவர்கள் டிராலியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். முதுகுவலி உள்ளவர்கள் மட்டும் எடை குறைந்த துணி டிராலியாகத் தேடி வாங்குங்கள். கடையிலேயே எடை போட்டுப் பார்த்து வாங்கலாம், தப்பில்லை.

துண்டைப் பற்றி ஒரு வார்த்தை. டர்க்கி டவல் அரை கிலோவுக்கு மேல் இழுக்கும், காயவும் காயாது. நம் பக்கத்து ஈரிழைத் துண்டு ராத்திரி துவைத்துப் போட்டால் காலையில் காய்ந்திருக்கும்.

புடவை கட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவருமா?

சுடிதாரானால் மேலே சொன்ன கணக்கேதான். பருத்திப் புடவை ஒன்று, ரவிக்கை பாவாடையோடு சேர்த்தால் முக்கால் கிலோ வரை வரும். நான்கு எடுத்தால் மூன்று கிலோ. சிந்தெடிக், பூனம் வகைகள் அதில் பாதி எடைகூட இருக்காது, கசங்கவும் கசங்காது. ஊர் சுற்றும் நாளுக்கு அவை, ஒரு விசேஷ நாளுக்கு மட்டும் ஒரு நல்ல புடவை என்று வைத்தால் கைப்பையிலேயே முடியும். நான்கு பட்டுப்புடவை வேண்டும் என்றால் செக்-இன் வாங்குவதே நல்லது.

வீட்டில் எப்படி எடை போடுவது?

லக்கேஜ் தராசு என்று கொக்கி மாட்டித் தூக்கிப் பார்க்கும் சின்னக் கருவி ஆன்லைனில் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் ஆள் எடை பார்க்கும் தராசில் முதலில் நீங்கள் நின்று, பிறகு பையோடு நின்று, கழித்துக்கொள்ளுங்கள். 6.5 கிலோவில் நிறுத்திவிடுங்கள். வீட்டுத் தராசுக்கும் ஏர்போர்ட் தராசுக்கும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். கடைசி நேரத்தில் ஏதாவது ஒரு சாமானும் சேரும்.

சேலத்திலிருந்து கிளம்புவதற்கும் லக்கேஜுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. நம் ஊரிலிருந்து நேராக வெளிநாட்டுக்கு விமானம் கிடையாது. ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்தில் 2023 அக்டோபரில், சின்ன ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் மறுபடி சேவை தொடங்கியது, ஆனால் எல்லாம் உள்நாட்டு விமானங்கள். அதனால் சுமார் 140 கி.மீ. தள்ளித் திருச்சி, 160 கி.மீ. தள்ளிக் கோவை, 230 கி.மீ.க்கு மேல் போய்ப் பெங்களூரு, 340 கி.மீ. தாண்டிச் சென்னை. இதில் ஏதோ ஒன்றுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். நம்முடைய வெளிநாட்டுப் பயணம் புது பஸ் ஸ்டாண்டிலேயே தொடங்கிவிடுகிறது.

காரில் போகிறவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. பஸ்ஸில் போகிறவர்கள் பையைக் கையால் எத்தனை முறை தூக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பெங்களூரு என்றால் எலக்ட்ரானிக் சிட்டியிலோ சில்க் போர்டிலோ இறங்கி வாயு வஜ்ரா பஸ் பிடிக்க வேண்டும்; தேவனஹள்ளிப் பக்கம் இருக்கிற விமான நிலையத்துக்கு ஊரையே குறுக்கே கடக்க வேண்டும். கோவை கொஞ்சம் சுலபம்: அவிநாசி ரோட்டில் வரும் பஸ்ஸில் சித்ரா ஸ்டாப்பில் இறங்கினால் அங்கிருந்து ஆட்டோ தூரம். திருச்சியில் பஸ் மாறியோ ஆட்டோ பிடித்தோ போக வேண்டும். இப்படி ஏறி இறங்கும்போது முதுகில் ஒரு பை இருப்பதற்கும், கையில் இருபது கிலோ பெட்டி இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

திரும்பி வரும்போது இன்னும் முக்கியம். விமானம் நடு ராத்திரியில் இறங்குகிறது என்று வையுங்கள். கைப்பைக்காரர் குடியுரிமைச் சோதனை முடிந்ததும் நேராக வெளியே வந்துவிடலாம். செக்-இன் போட்டவர் பெட்டிகள் வரும் பெல்ட் பக்கம் அரை மணி நேரமோ அதற்கு மேலோ நிற்க வேண்டும். அந்த அரை மணியில் ஊருக்கு வரும் பஸ் போய்விட்டால் விடியும்வரை அங்கேயே உட்கார வேண்டியதுதான். ரயிலோ பஸ்ஸோ முன்பதிவு செய்கிறவர்கள் செக்-இன் பை இருந்தால் விமானம் இறங்கும் நேரத்துக்கும் வண்டிக்கும் இடையில் குறைந்தது மூன்று மணி நேரமாவது விடுங்கள்.

சேலத்திலிருந்து சென்னைக்கு விமானத்தில் போய் அங்கே மாறலாம் அல்லவா?

மாறலாம். ஆனால் இங்கே வருவது ஏ.டி.ஆர். வகைச் சின்ன விமானம். இருக்கைக்கு மேலே உள்ள தட்டு சிறியது. பெரிய விமானத்தில் நுழையும் டிராலி அதில் நுழையாமல் போகலாம். அப்போது ஏறும் இடத்தில் வாங்கிக் கீழே வைத்துவிடுவார்கள். துணிப்பை என்றால் அமுக்கி வைத்துவிடலாம்.

இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டா என்று பாருங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் செக்-இன் பை சென்னையில் உங்கள் கைக்குத்தான் வரும். மறுபடி வரிசையில் நின்று கொடுக்க வேண்டும். ஒரே டிக்கெட் என்றாலும், திரும்பி வரும்போது இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரில் பொதுவாகப் பையை எடுத்துச் சுங்கம் தாண்டி, அடுத்த விமானத்துக்கு மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ தனி டிக்கெட்டில் மாறுகிறவர்களுக்குச் சிக்கல் இன்னும் பெரிது: பையை எடுக்க அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும், நுழைய அனுமதி வேண்டும். தனி டிக்கெட்டில் மாறிப் போகிறவர்களுக்கு நான் செக்-இன் பரிந்துரைப்பதே இல்லை.

ஏற்காட்டிலிருந்து கிளம்புகிறோம். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

முந்தின நாளே கீழே இறங்கிவிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு. பனிமூட்டமும் மழையும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மலை வீட்டில் மழைக்காலம் முழுக்க பரண்மேல் கிடந்த பெட்டியில் ஈர வாடையும் பூஞ்சையும் இருக்கும். ஒரு வாரம் முன்பே எடுத்துத் துடைத்து வெயிலில் வையுங்கள். ஸ்வெட்டர் உங்களிடம் எப்படியும் இருக்கும். பையில் வைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூர், மலேசியா வெளியே வெக்கைதான். விமானத்துக்குள்ளேயும் மால்களிலும் குளிரும்.

உங்கள் ஊர்க் காபித்தூளும் மிளகும் உறவுக்காரர்கள் விரும்பிக் கேட்கும் பொருள். காற்றுப் புகாத உறையில், பெயர் அச்சிட்ட கடைப் பொட்டலமாகவே செக்-இன்னில் வையுங்கள். வெறும் பாலிதீன் உறையில் கட்டிய பழுப்புத் தூள் ஸ்கேனரில் சந்தேகத்தைக் கிளப்பும், துணி முழுக்க வாசனையும் ஏறிவிடும்.

பலகாரம், ஊறுகாய், மாம்பழம்: எதை எதில் வைப்பது?

நிதானமாகப் படியுங்கள், அதிகம் பேர் மாட்டுவது இதில்தான்.

உலர்ந்த பலகாரம் எதுவானாலும் கைப்பையில் வைக்கலாம். முறுக்கு, தட்டுவடை, மிக்சர், அதிரசம், மைசூர்பாகு எல்லாம் அதில் அடங்கும். தட்டுவடை செட்டை ருசி பார்த்து வளர்ந்தவர்கள் வெளியூரில் அந்தத் தட்டுவடைக்காகவே ஏங்குவார்கள். அதைக் கெட்டி டப்பாவில் போட்டுக் கையில் எடுத்துப் போங்கள், செக்-இன்னில் போட்டால் தூளாகத்தான் சேரும். ஜவ்வரிசி வத்தலும் அப்படியே. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலம் ஜவ்வரிசியை அப்படியே பாக்கெட்டாகக் கொண்டுபோனால் உடையாது, எடைதான் கூடும்.

ஊறுகாய், நெய், தேன், தொக்கு, புளிக்காய்ச்சல், எண்ணெய் ஆகியவை செக்-இன்னில் மட்டும். இவற்றைத் திரவமாகவோ பசையாகவோ பார்ப்பார்கள். கைப்பையில் 100 மி.லி.க்கு மேல் விடமாட்டார்கள். மிளகாய் ஊறுகாயும் மிளகாய்த்தூளும் நம் நாட்டு விமான நிலையங்களில் கைப்பையில் எந்த அளவிலும் சிக்கல். இட்லிப் பொடியையும் அதோடு சேர்த்து செக்-இன்னில் போட்டுவிடுங்கள். பாட்டில் மூடிக்கு அடியில் ஒரு பாலிதீன் துண்டு வைத்து இறுக்கி, வெளியே இரண்டு உறை போட்டு, துணிகளுக்கு நடுவில் வையுங்கள்.

கொப்பரை எதிலும் கூடாது. எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதால் அது தானே சூடேறித் தீப்பிடிக்கும் பொருள் என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். கற்பூரமும் எதிலும் கூடாது, எளிதில் பற்றும். பத்துமலைக்குப் போகிறவர்கள் பூஜைச் சாமானில் இதை மறந்து வைத்துவிடுவார்கள். கற்பூரத்தை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

கசகசா: இது விமானப் பிரச்சினை இல்லை, இறங்கும் நாட்டின் சட்டம். ஐக்கிய அரபு அமீரகத்திலும் (துபாய் உள்ள நாடு) சிங்கப்பூரிலும் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். அபினிச் செடியின் விதை என்பதால் போதைப்பொருள் சட்டத்தில் வரும். குருமா மசாலாப் பாக்கெட்டில் கசகசா சேர்ந்திருந்தாலும் எடுத்துவிடுங்கள். வெற்றிலையும் பாக்குப் பொட்டலங்களும் துபாய்ப் பக்கம் கூடாது. கல்யாணத் தாம்பூலப் பையை அப்படியே பெட்டிக்குள் போடுகிறவர்கள் ஒருமுறை திறந்து பாருங்கள். சிங்கப்பூருக்கு சூயிங்கமும் மெல்லும் புகையிலையும் வேண்டாம்.

மாம்பழம் பற்றிக் கோடையில் தினமும் கேட்கிறார்கள். மல்கோவாவை விமானம் தடுக்காது. தடுப்பது இறங்கும் நாட்டின் தாவரப் பாதுகாப்புத் துறை. பச்சைப் பழம், விதை, செடி, பூ இவற்றுக்குப் பல நாடுகளில் முன் அனுமதி வேண்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எல்லாவற்றையும்விடக் கடுமை, மறைத்தால் அபராதம். ஆசையாகச் சுமந்துபோன பழம் குப்பைத் தொட்டிக்குப் போவதைப் பார்க்க மனசு கேட்காது. அனுமதி பற்றித் தெரியாவிட்டால் எடுத்துப் போகாதீர்கள்.

தெரிந்தவர் கொடுத்துவிடும் பார்சலை எடுத்துப் போகலாமா?

திறந்து பார்த்து, நீங்களே கட்டியிருந்தால் மட்டும். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

"வெறும் மருந்துதான் தம்பி, சீல் போட்டிருக்கு, பிரிக்காம கொடுத்துடுங்க" என்று கொடுப்பவர் நல்லவராகவே இருப்பார். ஆனால் இங்கே டாக்டர் சீட்டுக்குக் கிடைக்கும் சில வலி மாத்திரைகளும் இருமல் மருந்துகளும் (டிரமடால், கோடீன் சேர்ந்தவை) ஐக்கிய அரபு அமீரகத்தில் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாதவை. போதைப்பொருள் கடத்தலுக்குச் சிங்கப்பூரில் மரண தண்டனைவரை போகிறது. பெட்டியில் உள்ளது யாருடையது என்று அங்கே கேட்பதில்லை. யார் பெயரில் டேக் ஒட்டியிருக்கிறதோ அவர்தான் பொறுப்பு. கவுண்டரில் "நீங்களேதான் பை கட்டினீர்களா?" என்று கேட்பதும் இதற்காகத்தான்.

மறுப்பது சங்கடமாக இருந்தால் கைப்பை மட்டும்தான் எடுத்துப் போகிறேன், இடமில்லை என்று சொல்லுங்கள். கைப்பையோடு பயணம் செய்வதில் எனக்குப் பிடித்த பயன் இதுவும் ஒன்று.

100 மி.லி. கணக்கு சரியாக என்ன?

ஒவ்வொரு பாட்டிலும் 100 மி.லி.க்குள் இருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும் ஜிப் வைத்த தெளிவான பைக்குள் அடங்க வேண்டும். 200 மி.லி. பாட்டிலில் கால்வாசிதான் எண்ணெய் இருக்கிறது என்றாலும் விடமாட்டார்கள். பாட்டிலில் எழுதியிருக்கும் அளவைத்தான் பார்ப்பார்கள். 2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைக் குளிர்பான பாட்டிலில் திரவ வெடிபொருள் கொண்டுபோய்த் தகர்க்கும் சதியைப் போலீஸ் கண்டுபிடித்த பிறகு வந்த கட்டுப்பாடு இது. ஷாம்பு, எண்ணெய்க்குப் பாக்கெட்டுகளே போதும், ஒரு வாரத்துக்குப் பத்து பாக்கெட் எடுத்துப் போனால் பாட்டில் பேச்சே இல்லை.

பவர் பேங்க்?

கைப்பையில் மட்டும். செக்-இன்னில் போட்டால் ஸ்கேனரில் தெரிந்து உங்களைத் திரும்பக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள், அந்த அலைச்சலில் விமானத்தையே விட்டவர்கள் உண்டு. லித்தியம் பேட்டரி புகைந்தால் பயணிகள் பகுதியில் பணியாளர்கள் அணைக்க முடியும். சரக்கு அறைக்குள் யாரும் போக முடியாது. 100 வாட்-அவர் (பேட்டரி கொள்ளும் மின்சக்தியின் அளவு) வரை தடையில்லை. 160 வரை நிறுவனத்தின் அனுமதி வேண்டும். நாம் வாங்கும் 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 74 வாட்-அவர்தான். அளவு அழிந்துபோன பழையதை எடுத்துப் போகாதீர்கள். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசானில் ஒரு விமானம் கிளம்பும் முன்னே தீப்பிடித்து எரிந்த பிறகு பல நிறுவனங்கள் இதில் கெடுபிடியைக் கூட்டியிருக்கின்றன. விமானத்துக்குள் அதில் சார்ஜ் போடவே கூடாது என்று ஸ்கூட்டும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் 2025 ஏப்ரலில் சொல்லிவிட்டன.

நகை, கொலுசு, கல்யாணப் பட்டு?

கையில்தான். அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போகிறீர்கள் என்றால் முகூர்த்தத்துக்குக் கட்டும் வெண்பட்டு வேட்டியும் பட்டுப்புடவையும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தால் மற்ற துணியைக் கடையில் வாங்கிவிடலாம், இதை வாங்க முடியாது.

தங்க நகை நிறையப் போட்டுப் போகிற பெண்கள் கிளம்பும்போதே விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் நகையைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது இது இங்கிருந்து போன நகைதான் என்று காட்ட அது உதவும். அதற்கு அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக் கிளம்புங்கள். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசை அன்பளிப்பாக ஒன்றிரண்டு ஜோடி எடுத்துப் போவதில் பிரச்சினை இல்லை. டஜன் கணக்கில் எடுத்தால் வியாபாரச் சரக்காகப் பார்ப்பார்கள், பில்லோடு முறைப்படி செய்யுங்கள்.

மாத்திரை, இன்சுலின்?

கையில். பயண நாளுக்கு மேல் மூன்று நாள் மாத்திரை கூடுதலாக, அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு. இன்சுலின் சரக்கு அறைக் குளிரில் உறைந்து கெட்டுவிடலாம். செக்-இன்னில் போடவே கூடாது.

அம்மா முதல்முறை தனியாகப் போகிறார். அவருக்கும் கைப்பைதானா?

இங்கே மட்டும் நான் மாற்றிச் சொல்வேன். அறுபது தாண்டியவர் ஆறேழு கிலோவைத் தலைக்குமேல் தூக்கித் தட்டில் வைப்பதும், சோதனையில் தட்டுத் தட்டாகப் பிரித்து வைத்து மறுபடி அடுக்குவதும் சிரமம். பின்னால் வரிசை நிற்கும்போது பதற்றமும் வரும். அவருக்குச் சின்ன செக்-இன் பெட்டி ஒன்று வாங்கிவிடுங்கள். பாஸ்போர்ட், போர்டிங் பாஸ், மாத்திரை, கண்ணாடி, ஒரு மாற்றுப்புடவை, மகன் வீட்டு முகவரியும் போன் எண்ணும் எழுதிய அட்டை இவற்றைக் குறுக்கே மாட்டும் சின்னத் தோள்பையில் வைத்துக் கொடுங்கள். நடக்கச் சிரமப்படுவார் என்றால் டிக்கெட்டிலேயே சக்கர நாற்காலி உதவி கேட்டுவிடுங்கள். அதோடு வருகிற உதவியாளரே பெல்ட்டிலிருந்து பெட்டியை எடுத்துத் தருவார். அம்மாவின் பெட்டியை நீங்கள் போனில் படம் எடுத்து அங்கே வரவேற்கிறவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

நான்கு பேர் குடும்பம். ஆளுக்கொரு கைப்பையா?

இரண்டு குழந்தைகள் இருந்தால் நான்கு டிராலியை இழுக்கப் போவது நீங்கள் இருவர்தான். பெரியவர்களுக்கு ஆளுக்கொரு முதுகுப்பை, எல்லோருக்குமாக ஒரு 20 கிலோ செக்-இன் என்பது என் கணக்கு. ஒருவர் துணியை ஒரே பையில் வைக்காமல் எல்லாப் பையிலும் கொஞ்சம் கொஞ்சம் பிரித்து வையுங்கள்.

வரும்போதுதான் சாமான் சேரும். என்ன செய்வது?

போகும்போது கைப்பை, வரும்போது மட்டும் செக்-இன் என்று பிரித்து வாங்கலாம். மலிவு விலை நிறுவனங்கள் ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியாக எடை வாங்க விடுகின்றன. மடித்து வைக்கும் காலிப் பை ஒன்றைக் கைப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் முன்கூட்டி வாங்கும் எடை, ஏர்போர்ட் கவுண்டரில் கிலோ கணக்கில் கட்டுவதைவிட மிகவும் மலிவு. அங்கே வாங்கும் சாக்லேட் விலையைவிட அதைத் தூக்கிவரும் செலவு கூடிவிடும். எல்லோரும் கேட்கும் கோடாலித் தைலம் 56 மி.லி. பாட்டிலாக இருப்பதால் ஒரு லிட்டர் பைக்குள் அடங்கும்வரை கையிலேயே வரலாம்.

ஏறும் வாசலில் கைப்பையை வாங்கிக் கீழே போடுகிறார்களே?

விமானம் நிறைந்திருந்தால் அப்படிச் செய்வது உண்டு. கொடுப்பதற்கு முன் பவர் பேங்க், பாஸ்போர்ட், பணம், மாத்திரை, நகை, லேப்டாப் ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். இவற்றையெல்லாம் முதலிலேயே ஒரு சின்னத் துணிப்பையில் போட்டுக் கைப்பையின் மேலாக வைத்திருந்தால் ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம்.

செக்-இன் பெட்டி வரவே இல்லை என்றால்?

பயந்துபோய் வெளியே வந்துவிடாதீர்கள். விமானத் தொழில்நுட்ப நிறுவனமான சிட்டாவின் கணக்குப்படி 2024இல் உலக அளவில் ஆயிரம் பயணிகளுக்கு 6.3 பைகள்தான் தவறின. பெரும்பாலானவை சில நாளில் வந்துவிடுகின்றன. பெல்ட் பக்கத்திலேயே இருக்கும் பேக்கேஜ் கவுண்டரில் புகார் எழுதி, பி.ஐ.ஆர். எனப்படும் புகார்ச் சீட்டையும் அதன் எண்ணையும் வாங்காமல் நகராதீர்கள். போர்டிங் பாஸில் ஒட்டிய பை டேக்கைக் கிழித்துப் போட வேண்டாம். பெட்டியின் படம் போனில் இருந்தால் நிறம், அளவு சொல்வது சுலபம்.

அவசரத்துக்கு வாங்கும் துணி, சோப்பு, பிரஷுக்கு பில் வைத்திருங்கள். நியாயமான செலவை நிறுவனத்திடம் கேட்கலாம். விமானப் பயண இழப்பீடு பற்றிய 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009இல் சேர்ந்தது. அதன்படி ஒரு பயணிக்கு உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். இது 2024 டிசம்பர் 28 முதல் உள்ள தொகை. இது அப்படியே கிடைக்கும் தொகை இல்லை, நீங்கள் நிரூபிக்கும் இழப்புக்கு மேல்வரம்பு. பெட்டி உடைந்து வந்தால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கைக்கு வந்ததிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 21 நாள் ஆகியும் வராவிட்டால் தொலைந்ததாக எடுத்துக்கொண்டு இழப்பீடு கேட்கலாம். சேலத்துக்குத் திரும்பிவிட்டோமே என்று விட்டுவிட வேண்டாம். மின்னஞ்சலில் கொடுத்தாலே போதும், பெட்டியை வீட்டு முகவரிக்கே அனுப்பச் சொல்லியும் கேட்கலாம்.